ஒளி சொன்னதும் யாம் சொன்னதும்

உண்மையை மட்டுமே சொல்லி ஒருவரை ஏமாற்ற இயலுமா என்பது பழைய வினா. இயலும் என்பதே எமது விடை. அது பிறரைப் பார்த்து யாம் கண்ட விடையன்று. முப்பத்தாறு ஆண்டுகள் அறிவியல் கற்பித்து, அவற்றுள் பிற்பாதியை ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கே செலவிட்ட யாம், அறிவியல் தந்த ஓர் எண்ணைக் கொண்டே உடன்பிறந்த தங்கையிடம் அப்பிழையைச் செய்தோம். அதனை இவ்விதழின் அன்பர்கள் முன் வைக்குமுன் அந்த எண் இன்னதென விளக்குதல் வேண்டும். எண்ணின் இயல்பு விளங்கினாலன்றிப் பிழையின் இயல்பு விளங்காது. வகுப்பறைப் பழக்கம் விடவில்லை என்று இளையோர் நகைப்பாராயின் நகைக்கட்டும்.

ஆசிரியப் பயிற்சிக்கு வரும் மாணவியர் செய்து காட்டும் எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு கிண்ணத்தின் அடியில் நாணயத்தை இட்டு, கிண்ணத்தின் விளிம்பு அதனை மறைக்கும் அளவுக்குப் பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும். மற்றொருத்தி கிண்ணத்தில் மெல்ல நீர் வார்ப்பாள். மறைந்த நாணயம் கண்ணுக்குத் தோன்றும். நாணயமும் நகரவில்லை, கண்ணும் நகரவில்லை. நீரைவிட்டுக் காற்றுக்கு வரும் ஒளி தன் வழியைச் சற்றே திருப்பிக் கொண்டது, அவ்வளவே. ஒளி ஒரு பொருளுக்குள் புகும்போது அதன் வேகம் குறைகிறது. எத்தனை மடங்கு குறைகிறதோ அதுவே அப்பொருளின் ஒளிவிலகல் எண். நீருக்கு அது 1.33, சன்னல் கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.52; வைரத்துக்கு 2.42. வளைவின் அளவுக்கு ஒரு விதி உண்டென 1621-இல் கண்டவர் ஸ்நெல் என்னும் டச்சு அறிஞர்.

கல்லுக்குள் நாணயம் இட்டுப் பார்க்க இயலாது. ஆதலின் மணி ஆய்வோர் ஒளியை வேறு வகையில் வினவுகின்றனர். அடர்ந்த கண்ணாடியாலான சிறு பாளத்தின்மேல் ஒரு துளி தனித் திரவம் இட்டு, அதன்மேல் மணியின் தட்டையான முகத்தைக் கவிழ்த்து வைப்பர். பாளத்தின் வழியே கீழிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதி கல்லுக்குள் புகுந்து சென்றுவிடும். ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சாய்ந்து வரும் ஒளியோ கல்லுக்குள் புகமாட்டாமல் முழுவதும் திரும்பிவிடும். அக்கோணத்தை மாறுநிலைக் கோணம் என்றும், அந்நிகழ்ச்சியை முழு அக எதிரொளிப்பு என்றும் பாடநூல் கூறும். கருவியினுள் இருக்கும் அளவுகோலில் ஒரு பகுதி வெளிச்சமாகவும் மறுபகுதி நிழலாகவும் தோன்றும். நிழலின் விளிம்பு எந்த எண்ணின்மேல் நிற்கிறதோ அதுவே கல்லின் எண். கைக்கு அடங்கும் இப்பெட்டிக்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்று பெயர். தமிழில் ஒளிவிலகல் மானி எனலாம். வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு அளவில் வளைவதால், ஒரே நிறமான மஞ்சள் ஒளியில் நோக்கினால்தான் விளிம்பு கூராகத் தெரியும்.

கல்லை உரைக்க வேண்டா, கீற வேண்டா, தீயில் இட வேண்டா. செவ்வந்திக் கல்லும் படிகமும் 1.544-க்கும் 1.553-க்கும் இடையே நிற்கும். மரகதம் உள்ளிட்ட பெரில் இனம் ஏறத்தாழ 1.58. கெம்பும் நீலமும் ஒரே இனம், அவற்றுக்கு 1.762 முதல் 1.770 வரை. இரண்டு எண்கள் ஏன் என்று கேட்கத் தோன்றும். இத்தகைய படிகங்களுக்குள் புகும் ஒளி இரு கூறாகப் பிரிந்து இருவேறு வேகத்தில் செல்கிறது. பாளத்தின்மேல் கல்லைச் சுழற்றினால் நிழலின் விளிம்பு இரண்டாய்ப் பிரிந்து விலகியும் நெருங்கியும் காட்டும். ஐஸ்லாந்து நாட்டுப் படிகம் ஒன்றில் இவ்விரட்டை விலகலை 1669-இல் முதலில் விவரித்தவர் பார்த்தலின் என்னும் டென்மார்க்கு அறிஞர். கண்ணாடி அவ்வாறு பிரிக்காது. ஸ்பினல் என்னும் சிவப்புக் கல்லும் பிரிக்காது. ஸ்பினலுக்கு 1.718 என்னும் ஒரே எண். ஆங்கிலேயர் மணிமுடியின் முன்புறத்தில் பதித்து, கறுப்பு இளவரசரின் கெம்பு என்று பன்னூறு ஆண்டுகள் போற்றிய பெருமணி, உண்மையில் கெம்பன்று, ஸ்பினலே. அரசர் பலர் தலைமேல் சுமந்தும் அதன் இனம் எதுவென அறிந்திலர்.

யாம் பல்லடத்துக்கு வந்தது பணி மாற்றத்தால். பிறந்தது வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர். விசைத்தறி ஓசையும் கோழிப் பண்ணைகளும் நிறைந்த ஊரில் நம் குடும்பத்தவர் எங்ஙனம் வாழ்வர் என்று உறவினர் அக்காலத்தில் கவன்றனர். ஓசை பழகிவிட்டது, மற்றொன்றைப் பற்றி இங்கு எழுத வேண்டா. ஆயின் கொங்கு நாடு மணிகளின் நாடு என்பதை இங்கு வந்த பின்னரே அறிந்தோம். திருப்பூர் வழியாகக் காங்கயம் செல்வோர் படியூரைக் கடந்து செல்வர். கடல்நீர் நிறத்துப் பெரிலாகிய ஆக்குவாமரின் விளைந்த நிலம் அது. 1819, 1820 ஆண்டுகளில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்கு அகழ்ந்து மணிகள் எடுத்தார். அதற்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, பெரில் இந்தியாவில் தோன்றுவது, வேறிடங்களில் அரிது என உரோமாபுரியின் பிளினி எழுதி வைத்தார். நொய்யல் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வுகளில் பெரில், நீலம், படிகம், சூதுபவளம் ஆகியவற்றின் முடிந்த மணிகளும் முடியாத மணிகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து அணிகலனுக்குப் பெயர்பெற்றதாகச் சொல்லும் கொடுமணம் அவ்வூரே என்பர். காங்கயத்தை அடுத்த சிவன்மலையின் பாறைகளில் குருந்தம் இருப்பதை 1901-இல் ஹாலந்து என்னும் புவியியலார் விரிவாக எழுதினார். குருந்தம் என்ற நம் சொல்லே கடல் கடந்து சென்று, கெம்பும் நீலமும் சேர்ந்த கல்லினத்துக்கு உலகெங்கும் வழங்கும் பெயராயிற்று. இன்றும் காங்கயத்தில் கல் பட்டை தீட்டுவோர் உளர்.

இவ்வூரார் நூலைச் சோதிக்கும் முறையும் எமக்குப் பிடித்தமானது. பருத்தி என்று சொல்லி விற்கும் நூலில் ஓர் இழையைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டுவர். பருத்தியானால் காகிதம் எரிந்த மணத்தோடு சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி, நுனியில் கறுத்த சிறு உருண்டையாய் இறுகும். சோதித்த இழை போய்விடும். எஞ்சிய நூல் தப்பும். மணியிலோ ஒன்றை எரித்துப் பார்த்து மற்றொன்றைக் காக்க இயலாது, இருப்பது ஒன்றே. ஆதலின் எதனையும் அழிக்காமல் உண்மை கேட்கும் கருவி எமக்குப் பெரும் வியப்பாயிருந்தது. எம்மிடம் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் மணியியல் கற்று, காங்கயத்தில் சிறு அறையொன்றில் அக்கருவியையும் ஒரு நுண்ணோக்கியையும் வைத்துக்கொண்டு கல் சோதித்து வந்தார். பணி ஓய்வு பெற்ற பின்னர் ஓரிரு முறை அங்குச் சென்று குழந்தை போல் நிழல்விளிம்பைப் பார்த்து மகிழ்ந்ததுண்டு.

இனி மோதிரத்துக்கு வருவோம். எமது தாயார் திருமணத்தின்போது அவர்தம் தந்தையார் சென்னையில் வாங்கி அணிவித்த மோதிரம் அது. சிவப்புக் கல் ஒன்று பதித்தது. பர்மாக் கெம்பு என்று சொல்லியே தாயார் எம்மை வளர்த்தார். மாலை விளக்கேற்றும்போது அக்கல் கனல்வதை யாமும் தங்கையும் அருகமர்ந்து பார்ப்போம். தம் பொருள்களைப் பங்கிட்டபோது எமக்குச் சங்கிலியையும் தங்கைக்கு மோதிரத்தையும் தந்து, "சின்னவளுக்குத்தான் விலை கூடினது போகிறது, நீ மனம் கோணாதே" என்றார். யாம் கோணவில்லை. தாயார் 1994-இலும் தந்தையார் 1996-இலும் மறைந்தனர். தந்தையாரின் வீடு இருவருக்கும் சமமாக உரியது. தங்கையோ, "அம்மாவின் கெம்பு என்னிடம் இருக்கிறது, வீட்டை அக்கா வைத்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். எம்மை யாரும் வற்புறுத்தவில்லை. யாமும் அவளை வற்புறுத்தவில்லை.

2009-ஆம் ஆண்டில் தங்கை அம்மோதிரத்தைத் தன் மகளிடம் கொடுத்தனுப்பினாள். காங்கயத்தில் அக்காவுக்குத் தெரிந்தவர் இருக்கிறாரே, கல்லின் தரம் என்ன என்று கேட்டுச் சொல் என்பது செய்தி. விற்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. மகளுக்குச் சேர்த்துவைக்கும் பொருளின் மதிப்பை அறியும் ஆவலே. யாம் மோதிரத்தை எடுத்துச் சென்றோம். அந்த மாணவர் கல்லைக் கவிழ்த்து வைத்தார். மஞ்சள் விளக்கை ஏற்றினார். எம்மையே பார்க்கச் சொன்னார். நிழலின் விளிம்பு 1.762-இல் நின்றது. மோதிரத்தைச் சுழற்றியபோது மற்றொரு விளிம்பு 1.770-இல் தெரிந்தது. பாடநூலில் அச்சிட்ட எண் எம் கண்முன் நின்றது. தாயாரை நினைத்துக் கண் கலங்கியதும் உண்மை.

அவர் அத்துடன் விடவில்லை. நுண்ணோக்கியின்கீழ் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "டீச்சர், இது பூமியில வெளஞ்ச கல்லு இல்லீங்க, மிசின்ல வெளஞ்சதுங்க" என்றார். நுண்ணோக்கியில் யாமும் நோக்கினோம். கல்லினுள்ளே இசைத்தட்டின் வரிகள் போன்று வளைந்த மெல்லிய கோடுகள் வரிசையாய் ஓடின. இடையே பொடிக் குமிழ்கள். நிலத்தில் விளைந்த கெம்பில் வரிகள் இருந்தால் அவை நேராகவோ கோணமாகவோ இருக்கும், வளையமாட்டா. பாரிசு நகரத்து வெர்னேய் என்னும் வேதியியலார் 1902-இல் ஒரு முறையை வெளியிட்டார். அலுமினிய ஆக்சைடுப் பொடியைச் சிறிது குரோமியம் சேர்த்துக் கொடுந்தழலின் ஊடே தூவினால், உருகிய துளிகள் கீழுள்ள தண்டின்மேல் படலம் படலமாய் இறுகிக் கெம்பு வளரும். இயற்கை நெடுங்காலம் எடுத்துக்கொள்ளும் வேலை சில மணி நேரத்தில் முடியும். அப்படலங்களின் சுவடே அவ்வளைகோடுகள். எம் பாட்டனார் மோதிரம் வாங்கிய காலத்தில் அத்தகைய கற்கள் உலகச் சந்தையில் மிகுதியாக உலவின. விற்றவர் அறிந்து விற்றாரோ அறியாமல் விற்றாரோ, பாட்டனார் அறியார்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நிலத்துக் கெம்பும் தழலில் வளர்ந்த கெம்பும் ஒரே பொருள். ஒரே அணுக்கள், ஒரே அடுக்கு, ஒரே கடினம். ஒளி இரண்டினுள்ளும் ஒரே அளவில் வளைகிறது. நீ எது என்று ஒளியைக் கேட்டால் இரண்டும் கெம்பு என்றே விடை சொல்லும். நீ எங்கிருந்து வந்தாய் என்னும் கேள்விக்கு அக்கருவியில் விடையில்லை. அதற்கு வேறு கருவி வேண்டும். விலையோ முதற்கேள்வியைவிட இரண்டாம் கேள்வியையே பெரிதும் பற்றி நிற்பது. நல்ல பர்மாக் கெம்பு இலட்சங்கள் பெறும். இக்கல் சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது.

மாணவர் ஒரு துண்டுச் சீட்டில் எண்களையும், கீழே "செயற்கை" என்ற சொல்லையும் எழுதிக் கொடுத்தார். அன்றிரவு தங்கையிடம் தொலைபேசியில் யாம் சொன்னது இது: "கருவியில் நானே பார்த்தேன். 1.762, 1.770 காட்டியது. கெம்புக்குரிய எண் அதுதான். கண்ணாடியுமில்லை, ஸ்பினலுமில்லை." அவள் மகிழ்ந்தாள். அம்மா சொன்னது பொய்யாகுமா என்று கேட்டாள். துண்டுச் சீட்டை வீட்டுப் பத்திரம் இருந்த உறையினுள்ளே வைத்தோம். எத்தனையோ இடமிருக்க அவ்விடத்தை ஏன் தேர்ந்தோம் என்று அன்று எம்மையே கேட்டுக்கொள்ளவில்லை.

யாம் சொன்ன வாக்கியங்களுள் பொய்யானது ஒன்றேனும் உண்டா? இல்லை. எந்த நீதிமன்றத்திலும் அவற்றை மெய்ப்பிக்கலாம். எமது தாயாரோ வாழ்நாள் முழுதும் அக்கல்லைப் பர்மாக் கெம்பு என்றார், அது உண்மையன்று. சொல்லை மட்டும் எடையிட்டால் பொய் சொன்னவர் தாயார், மெய் சொன்னவர் யாம். இவ்வெடை தவறு என்பதைக் குழந்தையும் அறியும். தாயார் தாம் நம்பியதைச் சொன்னார். கேட்டவர் உள்ளத்தில் தம் உள்ளத்தில் இருந்ததையே வைத்தார். யாம் எம் உள்ளத்தில் இல்லாத ஒன்றைத் தங்கையின் உள்ளத்தில் வைத்தோம், மெய்யான எண்களைக் கொண்டே. எண்கள் சரியாயிருந்தமையால் அவள் ஐயுறவும் வழியில்லாது போயிற்று. வெறும் வாயால் சொல்லியிருந்தால், "நன்றாகப் பார்த்தாயா அக்கா" என்று ஒருமுறையேனும் கேட்டிருப்பாள்.

எமக்குள் யாம் கூறிக்கொண்ட சமாதானங்கள் பல. அவற்றுள் இரண்டு நம் அறநூல்களிலிருந்தே எடுத்தவை என்பதால் இங்குச் சொல்லத் தகும். ஒரு பொருளைப் பல நோக்கிலும் காணவேண்டும் என்னும் அநேகாந்தம் முதலாவது. ஒரு நோக்கில் அது கெம்பு. அந்நோக்கையே சொன்னோம் என்று வாதித்தோம். அநேகாந்தம் பிறர் நோக்குக்கு இடந்தரும் பணிவு. யாமோ அதனை, எமக்கு வாய்ப்பான ஒரு நோக்கை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் திரையாக்கினோம். ஒரு நோக்கில் என்று அடைமொழியிட்டுச் சொல்வதே அம்மரபு. தொலைபேசியில் யாம் அவ்வடைமொழியை வாயில் வைத்து விழுங்கினோம்.

இரண்டாவது வலியது. பிறர்க்குக் கேடு விளைக்கும் மெய்யையும் சொல்லலாகாது என்பது இல்லறத்தார் வாய்மைக்கு நம் ஆன்றோர் வகுத்த எல்லை. தங்கை வருந்துவாளே, தாயார் பெயருக்கு மாசு வருமே, ஆதலின் மறைத்தல் கருணையன்றோ என எண்ணினோம். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. நோயாளியிடம் நோயின் முழுக் கடுமையையும் உடனே சொல்லாத மருத்துவரை யாரும் பழிப்பதில்லை. ஆயின் கருணைக்கு ஒரு சோதனை உண்டு. அதற்கான செலவு யாருடையது என்று பார்க்கவேண்டும். மருத்துவர் மறைப்பதால் மருத்துவருக்கு வீடு வருவதில்லை. எம் கருணைக்கு விலை கொடுத்தவள் தங்கை, வரவு எமது. வீட்டின் நினைவு அன்றிரவு எம் மனத்தில் எழவேயில்லை என்று சொன்னால் அதுதான் இக்கட்டுரையின் முதற்பொய்யாகும்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தைப் பலமுறை ஓதியுள்ளோம். போலியை மெய்ப்பொருளாக வழங்குதல் அங்கே குற்றமெனக் குறிக்கப்பட்டிருப்பதை அறிவோம். எவ்விரதத்தின்கீழ் அது வருகிறது என்பதை மட்டும் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்காது விட்டோம். வாய்மை விரதத்தின்கீழ் வரும் என்றே ஒருவர் எதிர்பார்ப்பார். அங்கு அது இல்லை. கள்ளாமை விரதத்தின் ஐந்து குற்றங்களுள் ஒன்றாக, கள்ள எடையோடும் கள்ள அளவோடும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சொன்ன சொல் மெய்யா பொய்யா என்று ஆராய்வார்க்கு அங்கே இடமில்லை; யாருடைய பொருள் யார் கைக்குப் போயிற்று என்பதே கேள்வி. அதனை உணர்ந்த நாளில்தான் எம் வழக்கு எமக்கே விளங்கிற்று. சொல்லில் பிழையில்லை என்று அத்தனை ஆண்டுகள் எமக்காக வழக்காடியது வேறொரு நீதிமன்றத்தில். சமந்தபத்திரர் அருளிய இரத்தின கரண்டகமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச் செப்பும் மணிப்பேழை என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கைமோதிரத்தின் கல்லில் இடறி விழுந்தோம்.

மணி ஆய்வு நம்மவர்க்குப் புதிதன்று. தில்லியில் அலாவுதீன் கில்சியின் கருவூலத்தோடு தொடர்புடையவராயிருந்த தக்குர பேரு என்னும் சைனர் 1315-இல் மணிகளின் தேர்வு பற்றிப் பிராகிருதத்தில் ஒரு நூல் இயற்றினார். நம் சமயத்தவர் என அறிஞர் பலர் கருதும் இளங்கோவடிகள் மதுரையின் மணிக்கடைத் தெருவை வருணிக்கும்போது ஒவ்வொரு மணியின் குணத்தையும் குற்றத்தையும் தேர்ந்த வணிகர் போலச் சொல்லிச் செல்கிறார். அக்காப்பியத்தின் முடிச்சே ஒரு மணிச் சோதனை. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று. கோவலன் உயிரோடிருக்கையில் சிலம்பைத் திறந்து பார்த்தவர் இல்லை. அவன் மாண்ட பின்னர் கண்ணகி உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. சோதனை சரியாகவே நடந்தது, காலம் தாழ்ந்து. வகுப்பில் பயிற்சி மாணவியருக்கு இதனைச் சொல்லும்போதெல்லாம் பாண்டியன்மேல் எமக்குச் சினம் மிகும். தெரிந்துகொள்ள ஒரு கணம் போதுமே, ஏன் பொறுத்தானில்லை என்போம். பாண்டியன் அறியாது பிழைத்தான். அறிந்து பத்தாண்டு வாளாவிருந்த எமக்கு அவனைச் சினக்கும் உரிமை ஏது?

ஆம், பத்தாண்டு. தங்கை 2019-இல் காலமானாள். மறைவதற்குச் சில நாள் முன்பு மருத்துவமனையில் அவள் அருகிருந்தோம். அப்போது மோதிரம் அவள் விரலில் இல்லை. விரல்கள் வீங்கியிருந்தமையால் கழற்றி மகளிடம் கொடுத்திருந்தாள். சொல்வதற்கு அது நேரமன்று என்று எண்ணினோம். அன்று அவ்வெண்ணம் சரிதான். அதற்கு முந்திய பத்தாண்டுகளிலும் அதே எண்ணம் சரியாயிருக்க வழியில்லை.

அண்மையில் தங்கையின் மகள் பல்லடத்துக்கு வந்தாள். தன் மகனின் கல்லூரிப் படிப்புக்குப் பணம் தேவைப்படுகிறது. வங்கிக் கடன் வாங்கலாம், அன்றேல் மோதிரத்தை விற்கலாம். பெரியம்மா சொல்வதுபோல் செய்கிறேன் என்றாள். அம்மா அடிக்கடி சொல்வாராம், அந்தக் கல்லின் எண் 1.76 என்று. யாம் சொன்ன எண்ணைத் தங்கை மனப்பாடம் செய்து மகளுக்கும் கற்பித்திருக்கிறாள்.

எழுந்து சென்று உறையைக் கொண்டுவந்து, துண்டுச் சீட்டை அவள் கையில் கொடுத்தோம். நாணயத்தையும் கிண்ணத்தையும் விட்டுவிட்டு மற்றவற்றை எல்லாம் சொன்னோம்: எண் எதைக் காட்டும், எதைக் காட்டாது, வளைகோடு என்ன, அன்றிரவு என்ன சொன்னோம், எதைச் சொல்லவில்லை, விடுதலைப் பத்திரம் எதை நம்பி எழுதப்பட்டது என்பன. அவள் இடைமறிக்காமல் கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றோம்.

"அம்மா இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே, பெரியம்மா."

அதற்கு எம்மிடம் விடையில்லை, இப்போதும் இல்லை.

வந்தவாசிப் பக்கத்து வீட்டின் பாதியை அவள் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம் சென்ற மாதம் பதிவாயிற்று. அவள் முதலில் மறுத்தாள். இது கொடையன்று என்று சொன்ன பின்னரே கையொப்பமிட வந்தாள். ஓடு சரிந்த பழைய வீடு. விற்றால் பெருந்தொகை வராது. எம் மக்களுள் ஒருவருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. அவர்க்கு இதுகாறும் இக்கதை முழுதும் தெரியாது. இக்கட்டுரையின் வழியே இனித் தெரியும். பையனின் படிப்புக்கு வங்கியில் கடன் கேட்டிருக்கிறார்கள்.

மோதிரத்தை என்ன செய்வாய் என்று அவளைக் கேட்டோம். விற்பதற்கில்லை என்றாள். தங்க எடைக்கு மட்டும் போடுவதற்கும் மனமில்லையாம். போட்டுப் பார்த்தாள், அவள் விரலுக்கு அது தளர்வாக இருந்தது. எம் தையற்பெட்டியிலிருந்து வெள்ளை நூலை எடுத்து, வளையத்தின் அடிப்புறத்தில் நெருங்கச் சுற்றி முடிச்சிட்டு, விரலில் போட்டுக்கொண்டு மாலைப் பேருந்துக்குப் புறப்பட்டாள்.